ஒன்பதுக்கு மூன்று, பதினொன்றுக்கு ஐந்து

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது தேடிவந்து, "எம் பேர எதுக்குடி ஊருக்கெல்லாம் குடுத்த?" என்று கேட்பார். கேட்டுவிட்டு உட்காரவும் மாட்டார். எங்கள் மலையூரான பண்ணைக்காட்டில் நாங்கள் எல்லோரும் ரீசார்ஜ் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அது போதும்.

பட்டன் போன் காலம் அது. பஸ் நிறுத்தத்துக்கும் ஜீப் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் அவர் கடை. உள்ளே ஒரு ஜெராக்ஸ் மிஷின். கரண்ட் இல்லாத பாதி நாள் அது துணி போர்த்திக்கொண்டு தூங்கும். ஒரு பெஞ்சு. டவர் வாசலில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் நிலைக்கட்டையில் ஓர் ஆணி அடித்து, ரீசார்ஜ் போனை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு அதில் தொங்கவிட்டிருப்பார். மிளகு மூட்டையோடு வருகிறவர்கள், வாழைத்தார் ஏற்ற வந்தவர்கள், காப்பித் தோட்டத்தில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள், எல்லோரும் வாசலில் நின்று பத்து இலக்கத்தை ஒப்பிப்பார்கள். அவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் கேட்பார்.

கேட்கும்போது அவருடைய இரண்டு கைகளையும் பார்க்க வேண்டும். முதல் இலக்கத்துக்கு வலது கைக் கட்டைவிரல் விரல் கணுக்களில் ஓடும். இரண்டாவதுக்கு இடது கை. மூன்றாவது மறுபடி வலது. இப்படி மாற்றி மாற்றிப் பத்தும் முடிந்ததும் ஒரு நொடி கண்ணை மூடுவார். இரண்டு கையிலும் இருப்பதைக் கூட்டி, அதையும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால், அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி கிடைத்துவிடும். இடது கையிலிருந்து வலது கையைக் கழித்தால் பதினொன்றுக்கான மீதி. கழிக்கப் போதாவிட்டால் ஒரு பதினொன்றைக் கடன் கொடுத்துக் கழிப்பார். நானூறு கோடியோ எண்ணூறு கோடியோ இருக்கிற ஓர் எண்ணை, ஒருமுறைகூட வகுக்காமல், இரண்டே சின்ன எண்களாகச் சுருட்டிவிடுவார்.

அந்த இரண்டை மட்டும்தான் நோட்டில் எழுதுவார், பென்சிலால். பெயர், பக்கத்தில் ஒன்பதின் மீதி, அதன் பக்கத்தில் பதினொன்றின் மீதி. போன் நம்பர் கிடையாது. சாயங்காலம் கடை பூட்டும்போது ஆணியிலிருந்து போனை எடுத்து, அன்றைக்கு வந்த மெசேஜ் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அழிப்பார். மறுமுறை அதே ஆள் வந்து நம்பரைச் சொல்லும்போது கை ஓடும், நோட்டு திறக்கும். மீதி பொருந்தினால்தான் ரீசார்ஜ்.

கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்தக் காலத்தில் குடும்பத்தோடு வந்து குடியேறிய பெரியவர் ஒருவர் ஒருநாள் மகனுக்கு ரீசார்ஜ் போட வந்தார். சொன்னார். அக்காவின் கை நின்றது.

"ஐயா, ஒம்போது சரிங்குது. பதினொன்னு இல்லைங்குது."

"என்ன புள்ள சொல்ற? எம் மகன் நம்பரு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க. எல்லா எலக்கமும் வந்துருச்சு. ஆனா ரெண்டு பேரு எடம் மாறி உக்காந்திருக்காக. மெதுவாச் சொல்லுங்க."

பெரியவர் கோபமாக மடியிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். நடுவில் இருந்த நாலும் ஏழும் அவர் வாயில் ஏழும் நாலுமாக மாறியிருந்தன. எடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது, அதனால் ஒன்பது ஏமாந்துபோகும். பதினொன்று ஏமாறாது என்று அக்கா அவருக்கு விளக்கப் பார்த்தார். பெரியவருக்கு அது காதில் ஏறவில்லை. 'இது மனுசப் புள்ளதானா' என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஜீப் டிரைவர் ஒருவருக்குப் புது நம்பர் கிடைத்தது. முதல் ஐந்து இலக்கமே அப்படியே அடுத்த ஐந்தாகத் திரும்பி வரும். ஃபேன்ஸி நம்பர் என்று ஸ்டாண்டு முழுக்கப் பீற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். "அக்கா, அஞ்சு அஞ்சாத் திரும்பி வருதுக்கா, சொல்லட்டா?" என்றார்.

"சொல்ல வேணாம். பதினொன்னுல மீதியே வராது."

"இன்னும் நம்பரே சொல்லலியே!"

"அஞ்சு அஞ்சாத் திரும்புற நம்பரு எதுவானாலும் பதினொன்னுல அடங்கிரும். அதுல என்ன பவுசு கெடக்கு?"

டிரைவர் முகம் தொங்கிப்போனது. நான் அன்று வீட்டுக்கு வந்து ஆறேழு எண்களை எழுதி வகுத்துப் பார்த்தேன். அத்தனையும் அடங்கின. அக்காவிடம் எனக்கு ஏற்பட்டது மரியாதை அல்ல, எரிச்சல்தான். ஒரு மனிதன் ஆசையாக ஒன்றைக் கொண்டுவந்தால் அதைப் பாராட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே.

நோட்டு விஷயம் ஒருமுறை பெரிய ரகளையாகிவிட்டது. அக்கா டீ குடிக்கப் போயிருந்தபோது எவளோ ஒருத்தி நோட்டைப் புரட்டிப் பார்த்து, பெண்கள் பெயருக்கு நேரே எண் இருப்பதைக் கண்டு, ரீசார்ஜ் அக்கா ஊர்ப் பெண்களின் நடத்தைக்கு மார்க் போடுகிறாள் என்று கிளப்பிவிட்டாள். மறுநாள் காலை வெள்ளனே வாழைமண்டிக்காரர் மனைவி கடை முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என் நாத்தனாருக்கு எட்டு, எனக்கு ஒண்ணா? நான் என்ன ஒனக்குக் கொறஞ்சு போயிட்டேன்?"

மீதி என்றால் என்ன என்று அக்கா இரண்டு தடவை சொன்னார். அந்தம்மாள் கேட்கவில்லை. கடைசியில் அக்கா, "மாத்தணும்னா சிம்ம மாத்துங்க, மார்க்கும் மாறும்" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். அந்தம்மாள் உண்மையாகவே சிம்மை மாற்றினார். புது நம்பருக்கு ஏழு வந்தது. அதன்பிறகு இருவரும் நல்ல சிநேகிதம்.

நம்பரை ஏன் எழுதுவதில்லை என்று நானே ஒருமுறை கேட்டேன். கீழே ஒரு ஊரில் ரீசார்ஜ் கடை நோட்டிலிருந்து பெண்களின் நம்பரைக் காப்பியடித்து இளவட்டங்கள் கைமாற்றிக்கொண்டதையும், அதில் ஒரு பெண் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு கிடந்ததையும் சொன்னார். அந்தப் பெண் யார் என்று சொல்லவில்லை. "எங்கிட்ட இல்லாதத எவனும் எங்கிட்டருந்து எடுக்க முடியாதுல்ல" என்றார். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கல்யாணம் ஆகாதவர் என்றார்கள். ஆகி, விட்டுவந்தவர் என்றும் சொன்னார்கள். கணக்கில் பட்டம் வாங்கியவர் என்ற பேச்சுக்கு மட்டும் அவரே பதில் சொன்னார்: "பத்தாவதோட நின்னுட்டேன். அதுக்கு மேல நானாப் படிச்சது."

இனி முத்துலட்சுமி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். பிறந்ததிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவளை அடிவாரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை கை நீட்டுகிறவன். எங்கள் அம்மா, போகப் போகச் சரியாகும் என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வருஷம் அவன் முத்துவின் கையை ஒடித்தான். கட்டுப் பிரித்த மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் திருப்பூருக்குப் போய், ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். எந்தக் கம்பெனி என்று எங்களிடம்கூடச் சொல்லவில்லை. அடித்துக் கேட்டால் அம்மா சொல்லிவிடுவாள் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் சரிதான்.

எங்களிடம் இருந்தது அவளுடைய புது நம்பர் மட்டும். வேலைநேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மதியம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் இருக்கும். யார் போனிலிருந்து கூப்பிட்டாலும் இரண்டு முறை அடித்துக் கட் பண்ணிவிட்டு, மூன்றாவது முறை அடித்தால்தான் எடுப்பாள். வேறு எந்தப் போனையும் எடுக்கமாட்டாள்.

அந்த நம்பருக்கு ரீசார்ஜ் போட நான்தான் போவேன். மனப்பாடம் கிடையாது, அம்மாவின் போனைப் பார்த்துத்தான் ஒப்பிப்பேன். முதல் முறை அக்கா எழுதிக்கொண்டார்: முத்துலட்சுமி, மூன்று, ஐந்து. எங்கள் அம்மா ஒருநாள் நேரில் போய்க் கெஞ்சினாள். "தாயி, எங்க வீட்டுல எது எப்பத் தொலையும்னு தெரியாது. ஒரு ஓரமா நம்பர எழுதி வச்சுக்கயேன்."

"வேணாம்மா. அது எங்கிட்ட இருக்கக் கூடாது."

திமிர் பிடித்தவள் என்று அம்மா வழிநெடுகத் திட்டிக்கொண்டு வந்தாள். நானும் கூடவே திட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாட்டுக்குக் கழனித்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் முத்துவின் புருஷன் வருவது தெரிந்தது. முத்துவின் நம்பர் எங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று அம்மாவின் போனில். மற்றது அடுப்படிச் சுவரில், கேஸ்காரர், ஜீப்காரர், பம்புசெட்டு ரிப்பேர்காரர் நம்பர்களுக்கு நடுவே, பேனாவால் எழுதியது. இடுப்பில் செருகியிருந்த அந்தப் போனைக் கழனித்தொட்டிக்குள் போட்டேன். என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல! பேட்டரியைக் கழற்றி ஒளித்திருந்தால்கூடப் போதும், அப்போது தோன்றவில்லை. உள்ளே ஓடி ஈரக்கையால் சுவரைத் தேய்த்தேன். கடைசி இரண்டு இலக்கம் அழிந்ததும் அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மிச்சத்தை மறைத்து நான் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டேன்.

வீட்டைப் புரட்டிப்போட்டான். அம்மாவை ஒரு தள்ளுத் தள்ளினான். ஒன்றும் கிடைக்கவில்லை. "எங்க ரீசார்ஜ் போடுறீகன்னு எனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டு நேரே பஸ் நிறுத்தத்துக்கு இறங்கினான்.

கடையில் நடந்ததைப் பக்கத்து டீக்கடை அண்ணன் எனக்குச் சொன்னார். அவன் நோட்டைப் பிடுங்கி, தன் மனைவி பெயரைக் கண்டுபிடித்துவிட்டானாம்.

"மூணு, அஞ்சுன்னா என்னடி? நம்பர் எங்க?"

"ஒம்போதால வகுத்தா மூணு மீதி. பதினொன்னால வகுத்தா அஞ்சு மீதி. அவ்வளவுதான் எங்கிட்ட இருக்கு."

"வெளையாடுறியா?"

"அந்த மாதிரி பத்து எலக்க நம்பரு ஒம்பது கோடிக்கு மேல கெடக்கு. ஒவ்வொண்ணா அடிச்சுப் பாருங்க. ஏதோ ஒண்ணுல இருப்பா."

அவன் ஆணியில் தொங்கிய போனைப் பிடுங்கிப் பார்த்தான். முந்தின நாள் வரைக்கும் எதுவும் இல்லை. அன்று காலையில் வந்ததோ மூன்று ஆண்களின் நம்பர். நோட்டைச் சாக்கடையில் வீசிவிட்டுப் போனான். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அவனுக்குத் தெரிந்த லோடுமேன் ஒருவன் அகப்பட்டான். அந்த லோடுமேன் போன வாரம் திருப்பூரில் சரக்கு இறக்கியபோது, ஒரு கம்பெனி கேட்டிலிருந்து முத்து வெளியே வருவதைப் பார்த்திருந்தான். விஷமமில்லாமல், ஊர்க்காரியைப் பார்த்த சந்தோஷத்தில் அதைச் சொல்லிவிட்டான். "ஆறு மணிக்கு ஷிப்ட் விடுமா? கேட்லயே நிக்கிறேன்" என்று முத்துவின் புருஷன் சொல்வதை டீக்கடை அண்ணன் தன் காதால் கேட்டார்; சொல்லிக்கொண்டே அவன் பஸ் ஏறிவிட்டான்.

டீக்கடை அண்ணன் எங்களைத் தேடி எங்கள் வீட்டுக்கே வந்து இதைச் சொன்னபோது மணி பன்னிரண்டே முக்கால். போலீசுக்குப் போனால் புருஷன் பெண்டாட்டி விஷயம் என்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை அப்படித்தான் சொன்னார்கள். ஆறு மணிக்கு முன்னால் முத்துவிடம் சொல்ல எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அரைமணி நேரம். தொட்டியிலிருந்து எடுத்த போன் செத்தே கிடந்தது. சுவரில் மிச்சமிருந்த எட்டு இலக்கத்தையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இறக்கத்தில் ஓடினேன். தூறல் விழத் தொடங்கியிருந்தது. கையை மாராப்புக்குள் மூடிக்கொண்டேன்.

அக்கா நோட்டின் தாள்களைப் பிரித்து ஜெராக்ஸ் மிஷின்மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஆத்திரம் வந்துவிட்டது. "அம்மா அன்னைக்கே கெஞ்சுச்சே! ஒரு ஓரமா எழுதி வச்சிருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்று அவரை ஒருமையில் கத்தினேன்.

"எழுதி வச்சிருந்தா காலைலயே அவன் கைக்குப் போயிருக்கும்" என்றார். குரல் உயரவில்லை. "கையக் காட்டு. எத்தன போச்சு?"

"கடைசி ரெண்டு. நூறு நம்பருதானக்கா, எல்லாத்துக்கும் அடிச்சிரலாமா?"

"தெரியாத நம்பர எடுப்பாளா அவ?"

எடுக்கமாட்டாள். இரண்டு முறை கட் பண்ணி மூன்றாவதாக அடிக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். நூறுக்கும் மூன்று மூன்று. அரைமணி நேரத்தில் இருபதுகூட முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா ஈரத்தாள்களைப் புரட்டி முத்துவின் பெயரைத் தேடி எடுத்தார். பென்சில் எழுத்து கரையவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளிலும் விரல் ஓட்டினார். எட்டு இலக்கத்தையும் நான் இங்கே எழுதமாட்டேன். கூட்டினால் நாற்பத்தொன்று என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது.

"நாப்பத்தொண்ணு. ஒம்போதுக்கு மூணு மீதி வரணும்னா, போன ரெண்டும் சேந்து ஏழா இருக்கணும், இல்லன்னா பதினாறு." மறுபடி விரல் ஓடியது. "வலது கைல இருபத்திரெண்டு, எடதுல பத்தொம்போது. பதினொன்னுக்கு அஞ்சு வரணும். அப்பக் கடைசி எலக்கம் அதுக்கு முந்தினதவிட எட்டு கூட, இல்லன்னா மூணு கம்மி."

நான் ஒன்றும் புரியாமல் அவர் வாயையே பார்த்தேன்.

"கூட்டினா பதினாறு, ஒண்ணு எட்டு கூடன்னா நாலும் பன்னெண்டும். பன்னெண்டுன்னு ஒரு எலக்கம் கெடையாது. பதினாறுல மூணு வித்தியாசம் வராது, அரை விழும். ஏழுல எட்டு வித்தியாசமும் வராது. ஏழுல மூணு கம்மி வரும். அஞ்சு, ரெண்டு." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "அம்பத்திரெண்டு. வேற வழியே இல்ல."

மணி ஒன்றேகால். நான் போனை எட்டிப் பிடிக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு. ஒண்ணு சொல்லணும். கையில இருந்த ரெண்டு மீதியையும் இதுக்கே செலவழிச்சாச்சு. நீ எழுதிட்டு வந்த எட்டுல ஒண்ணு தப்பா இருந்தாலும் இனி எனக்குக் கண்டுபிடிக்க வழியில்ல. சரியாத்தான் எழுதினியா?"

சொந்த மகன் நம்பரைச் சொன்ன கிழவரையே நம்பாத மனுஷி. எவர் சொன்ன எண்ணையும் கையில் போட்டுப் பார்க்காமல் ஒருநாளும் அடித்ததில்லை. இப்போது ஒரு பதற்றக்காரி, போனைக் கழனித்தொட்டியில் போட்டவள், இறக்கத்தில் ஓடிவந்து காட்டுகிற உள்ளங்கையை அப்படியே நம்ப வேண்டியிருந்தது.

"சரியாத்தான்க்கா எழுதினேன்" என்றேன். எனக்கே நிச்சயம் இல்லை.

அவரே பெஞ்சை வாசலுக்கு இழுத்துப் போட்டு ஏறி நின்று, டவர் விட்டுப்போகாமல் போனை ஆணியிலேயே வைத்துப் பத்தையும் அடித்தார். ஒரு ரிங். கட். மறுபடி. கட். மூன்றாவது முறை ரிங் போகத் தொடங்கியதும் இறங்கி, என்னை மேலே ஏற்றிவிட்டார்.

"என்னடி?" என்றது முத்துவின் குரல். "டப்பாவே இன்னும் தொறக்கல, அதுக்குள்ள?"

அவள் மறுபடி, "ஏட்டி, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லைல்ல?" என்று கேட்பதற்குள் அவன் வருவதைச் சொல்லிவிட்டேன். அவள் பதறவில்லை. வார்டனிடம் சொல்லிக் கம்பெனி வண்டியில் பின்பக்கமாகப் போய்விடுவதாகவும், நாளைக்கே வேறு ஹாஸ்டல் மாறிவிடுவதாகவும் சொன்னாள். அப்படியே செய்தாள். அவன் ஆறு மணியிலிருந்து கேட்டில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். முத்து இன்றைக்கு வேறு ஊரில் சொந்தமாக நாலு தையல் மிஷின் போட்டு வைத்திருக்கிறாள். பேசினால் அரைமணிக்குக் குறைந்து வைப்பதில்லை.

பேசி முடித்துத் திரும்பியபோதுதான் கடையில் அக்கா இல்லை என்பதைக் கவனித்தேன். நான் பேசுவது காதில் விழக் கூடாது என்று சாலையின் எதிர்ப்புறம் போய், தூறலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். ரீசார்ஜுக்கு வந்த இரண்டு பேரையும் அங்கேயே நிறுத்திவைத்திருந்தார்.

"எடுத்துட்டாக்கா! சொல்லிட்டேன்!" என்று வாசலிலிருந்தே கூவினேன். உடம்பெல்லாம் லேசாகி, அப்பாடா என்று இருந்தது.

அவர் சாலையைக் கடந்து வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். ஈர முகத்தை முந்தானையால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"மொதல்ல அந்த நம்பரப் போன்லருந்து அழி" என்றார். அழித்தேன். "ஏட்டி, வெரசாப் போயி ரெண்டு டீ வாங்கிட்டு வா."

டீக்கடை அண்ணன் டம்ளரைக் கழுவியபடி, "என்ன புள்ள, சிரிக்கிறியா அழுவுறியா?" என்று கேட்டார்.

"எட்டும் சரியா இருந்துச்சுண்ணே" என்றேன்.